சிவப்பு மையில் அடித்த பத்தி

என் தம்பி மகளுக்கு இரண்டு அத்தைகள். ஒருத்தி நான். வாடிப்பட்டியில் ஒரு மிஷன் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மதுரை அரசரடியில் அம்மாவோடு இருக்கிறேன். இன்னொருவர் டச்சு அத்தை. என் தம்பி மனைவியின் தாத்தாவுக்கு அக்கா. அவரும் ஆசிரியை, அவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பாப்பா பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே இறந்துவிட்டார். முறைப்படி அவரை அவள் வேறு எப்படியோ கூப்பிட வேண்டும். அதற்குத் தமிழில் சொல் தேடிப் பார்த்துவிட்டு, "அவங்களும் ஒனக்கு அத்தை மாதிரித்தான்" என்று தம்பிதான் சொல்லிக் கொடுத்தான். அதிலிருந்து பாப்பாவின் பேச்சில் மதுரை அத்தை, டச்சு அத்தை என்று இரண்டு பேர் ஆனோம். செத்துப்போன ஒருவர் மேல் எனக்குப் பொறாமை வந்தது. அதனால் நான் செய்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

தம்பி விவசாயம் படித்தவன். விதை ஆராய்ச்சிக்கென்று நெதர்லாந்து போய், கூடப் படித்த பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டான். அவள் வீட்டார் ஒரு சின்ன ஊரில் ரொட்டிக்கடை வைத்திருந்தவர்கள். உலகப் போரில் அந்த நாட்டை ஜெர்மன்காரர்கள் பிடித்து வைத்திருந்த காலத்தில், அவளுடைய தாத்தா ஒரு யூதக் குடும்பத்தைத் தன் கடையில் ஒளித்து வைத்திருந்தார். அடுப்புக்கு மேலே மாவு மூட்டை அடுக்கும் பரணில் அப்பாவும் அம்மாவும். அவர்களுடைய எட்டு வயது மகளைப் பரணில் போட்டு அடைக்க முடியவில்லை. அவள் இருமினால் தெருவுக்கே கேட்கும். அதனால் அந்தப் பிள்ளைக்கு மட்டும் வேறு பெயர் வைத்து, குண்டு விழுந்து வீடிழந்த தூரத்து உறவு என்று சொல்லி, வெளியிலேயே வளர்த்தார்கள். தாத்தாவின் அக்கா தன் வகுப்பிலேயே அவளைச் சேர்த்துக்கொண்டார். இரண்டு குளிர்காலம் இப்படி ஓடியது. மூன்று பேரும் பிழைத்தார்கள்.

இந்தக் கதையைப் பாப்பா எட்டு வயதிலேயே எனக்கு வீடியோ காலில் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "நீங்களும் டீச்சர், அவங்களும் டீச்சர். நீங்க யாரையாச்சும் ஒளிச்சு வச்சிருக்கீங்களா அத்தை?" என்று கேட்டாள்.

"இல்லடா பாப்பா."

"ஏன்?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு எனக்கு அது சிரிப்பாக இல்லை.

அங்கே வருடா வருடம் மே மாதத்தில் ஒரு மாலை, போரில் இறந்தவர்களுக்காக நாடே இரண்டு நிமிடம் அசையாமல் நிற்குமாம். அன்றைக்குத் தம்பி மனைவியின் குடும்பம் முழுக்க ஒரு வீட்டில் கூடுவார்கள். அண்ணன் தம்பி பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று முப்பது பேருக்குமேல். ஆளுக்கொரு பகுதியாகப் பழைய கடிதங்களை வாசிப்பார்கள். அந்தப் புகைப்படங்களைத் தம்பி குடும்ப வாட்ஸாப்பில் போடுவான். என் தம்பி அந்தக் கூட்டத்தில் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு நடுவில் நிற்பான். கீழே, "நம்ம குடும்பம்" என்று எழுதியிருப்பான். அந்த இரண்டு சொல்லைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். அப்பா இறந்தபோது அவனுக்குப் பதினொரு வயது. அவனை ஸ்கூலுக்கு அனுப்பியது, ராத்திரி பாடம் சொல்லிக் கொடுத்தது, காய்ச்சலில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது எல்லாம் நான். அதை யாரும் வருடத்தில் ஒரு நாள் நின்று வாசிக்கப் போவதில்லை.

ஒருநாள் அம்மாவிடம் கேட்டேன். "அந்தச் சண்டை நடந்தப்ப நம்ம ஆளுக என்னம்மா செஞ்சாங்க?"

"என்ன செஞ்சாங்க? அரிசி கெடைக்கல, கேப்பையத் தின்னாங்க. பர்மாவுல இருந்து நடந்தே வந்த ஆளுக தெருவுல பசியோட போனாங்கன்னு எங்கய்யா சொல்லுவாரு."

"நம்ம வீட்டுக்குள்ள யாரையும் சேத்தாங்களா?"

"அதப் பத்தி அவரு ஒண்ணும் சொல்லல" என்றார்.

இரண்டு வருடத்துக்கு முன் தம்பி மனைவியின் அம்மா காலமானார். அலமாரியில் நாலைந்து பிஸ்கட் டப்பா நிறையக் கடிதங்களும், போரில் பிழைத்தவர்கள் பேசிப் பதிவு செய்த பழைய கேசட்டுகளும் இருந்தன. அவளும் அவளுடைய மாமா பிள்ளைகளும் சேர்ந்து எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி, இனி வரும் பிள்ளைகளுக்காக ஒரு சின்னப் புத்தகமாக எழுதினார்கள். அவளே அதை ஆங்கிலத்திலும் எழுதினாள். பிறகு அம்மாவோடு பேசும்போது தம்பி அதைப் பற்றிச் சொல்ல, அம்மா, "தமிழ்ல போட்டா நானும் படிப்பேன்ல" என்று சொல்லிவைத்தார். மறுநாளே தம்பி மனைவி எனக்கு போன் செய்தாள். அவள் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். பேச்சு ஆங்கிலத்தில்.

"அக்கா, நீங்கள்தான் செய்ய வேண்டும். இதை வெளியில் ஒருவரிடம் கொடுக்க எனக்கு மனமில்லை."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். பள்ளியில் திருத்த வேண்டிய தாள் குவிந்து கிடந்தது. ஆனால் அந்த வீட்டில் எனக்கும் ஒரு இடம் கிடைக்கிறது என்று ஒரு நினைப்பு வந்தது. சரி என்றேன்.

போன வருடம் ஜூலையிலிருந்து சாயங்காலம் பள்ளி விட்டு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினேன். எனக்குக் கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்க வராது. நூறு பக்க நோட்டில் கையால் எழுதினேன். அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. எழுதியதை அன்றன்றைக்கு வாசித்துக் காட்டச் சொல்வார். ரொட்டிக்காரர் மேல் அம்மாவுக்குப் பெரிய மதிப்பு வந்துவிட்டது. ரேஷன் மாவில் மூன்று பேருக்குக் கூடுதலாக ரொட்டி வேண்டுமென்றால் எங்கே போவது? அவர் ஒவ்வொரு ரொட்டியிலும் ஒரு விரல் அளவு குறைத்துவிட்டார். வாங்குகிறவர்களுக்குக் கையில் தூக்கியதுமே தெரிந்திருக்கும். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அப்ப ஊரே சேந்துதான் சோறு போட்டிருக்கு" என்றார் அம்மா.

ஒளிந்திருந்தவர்களை டச்சுக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று தம்பி மனைவி எனக்கு விளக்கியிருந்தாள். தண்ணீருக்குள் முங்கியவர்கள் என்பதுபோல ஒரு சொல்லாம். நான் தலைமறைவானவர்கள் என்று எழுதியிருந்தேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"தலமறவுன்னா கொலகாரன் மாதிரி இருக்கு. முங்கிக் கெடந்தவங்கன்னு போடு."

அப்படியே போட்டேன். இந்த மாதிரி இடங்களில் எனக்கு வேலை பிடித்துப்போனது. ஒரு சொல் சரியாக விழுந்துவிட்டால் அன்றைக்கு டீ கூட நன்றாக இருந்தது. ஆனால் பொறாமை போகவில்லை. அம்மா அந்த ரொட்டிக்காரரை "நம்ம சம்மந்தி வீட்டு ஐயா" என்று பக்கத்து வீட்டில் சொல்ல ஆரம்பித்தார். சர்ச் முடிந்து வெளியே நிற்கும்போது அவர் கதையைத்தான் சொல்வார். பக்கத்தில் அதைத் தமிழாக்கிக்கொண்டிருக்கும் மகள் நான் நிற்பேன். "இவதான் எழுதுறா" என்று ஒருநாள்கூடச் சொன்னதில்லை.

செப்டம்பரில் டச்சு அத்தையின் பகுதிக்கு வந்தேன். அதுவரை பாப்பா சொல்லித்தான் கேட்டிருந்தேன். எழுத்தில் அப்போதுதான் முதல்முறை. அந்தப் பிள்ளை வளர்ந்து, கனடாவில் குடியேறி, பல வருடம் கழித்து எழுதிய ஒரு கடிதத்திலிருந்து, யாருக்கு எழுதியது என்று சொல்லாமல், ஒரு பகுதியை எடுத்துப் போட்டிருந்தார்கள்.

அந்தக் கடிதத்தில் இருந்தது இதுதான். ஒரு காலை வகுப்பு நடக்கும்போது ஒரு அதிகாரியும் ஒரு சிப்பாயும் உள்ளே வந்தார்கள். வெளியூரிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த பிள்ளைகள் யார் என்று கேட்டார்கள். இவள் எழுந்து நின்றாள். அதிகாரி பெயர் கேட்டார். மாதக்கணக்காகப் பழகிவைத்த பொய்ப்பெயர் அந்த நொடியில் அவளுக்கு மறந்துபோனது. வாய் திறந்து நின்றாள். உடனே டீச்சர் கோபமாக எழுந்து வந்தார். "ஒரு வருடமாகச் சொல்லிக் கொடுக்கிறேன், தன் பெயரைக்கூடச் சொல்ல வரவில்லை. வெட்கமாக இல்லை? போ, மூலையில் போய் நில். சுவரைப் பார்த்து நில்." தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினார். பிறகு அதிகாரியிடம் திரும்பி, இந்த மாதிரி மக்குப் பிள்ளைகளையெல்லாம் என் தலையில் கட்டுகிறார்கள் என்று குறைபட்டுக்கொண்டார். அதிகாரி அவள் முகத்தைப் பார்க்கவேயில்லை. அவர்கள் போன பிறகும் டீச்சர் அவளைத் திரும்பச் சொல்லவில்லை. மணி அடிக்கிற வரை ஒரு மணி நேரம் அவள் சுவரைப் பார்த்து நின்றாள். அன்றைக்கு அவமானத்தில் அழுதேன், என்று எழுதியிருந்தாள். என் பேரப்பிள்ளைகளை மடியில் வைத்திருக்கும்போதெல்லாம் அந்த மூலையை நினைத்துக்கொள்கிறேன், என்று முடித்திருந்தாள்.

நான் அதை ஒரே மூச்சில் தமிழில் எழுதிவிட்டேன். அந்த டீச்சர் பேசியதை எழுத எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. இருபத்தாறு வருடமாக நான் பேசுகிற பேச்சு அது. எத்தனை பிள்ளைகளை மூலையில் நிறுத்தியிருப்பேன். நான் நிறுத்திய எந்தப் பிள்ளையும் என்னை நினைத்துக் கடிதம் எழுதாது. எழுதினாலும் நல்ல விதமாக இருக்காது. அவரும் நான் செய்ததைத்தான் செய்தார், ஆனால் அவர் செய்ததை உலகத்தின் மறுகோடியில் பேரப்பிள்ளைகள் வாசிக்கிறார்கள். தம்பி வீட்டில் ஒரு அறையில் வாழ்ந்தவர், என்னைப் போலவே கல்யாணமாகாத டீச்சர். எனக்கு அந்த சிப்பாயும் வரவில்லை, அந்தப் பிள்ளையும் வரவில்லை.

வாசித்துப் பார்த்தேன். மொத்தப் புத்தகத்திலும் நான் எழுதியதில் அதுதான் நன்றாக வந்திருந்தது. அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. அன்றைக்கு அம்மா ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்தார். மேசையில் தாள் திருத்துகிற சிவப்புப் பேனாவும் ஸ்கேலும் கிடந்தன. ஸ்கேலை வைத்து வரிவரியாக அந்தப் பத்தி முழுவதையும் அடித்தேன். அடுத்த பக்கத்தில், "அந்த வீட்டில் ரொட்டிக்காரரின் அக்காவும் இருந்தார். அவர் பள்ளி ஆசிரியை. அந்தப் பிள்ளையின் படிப்பைக் கவனித்துக்கொண்டார்" என்று மூன்று வரி எழுதிவிட்டு அடுத்த பகுதிக்குப் போனேன். ஒரு தப்பான விடையை அடிக்கிற மாதிரித்தான் இருந்தது. அம்மாவுக்கு அன்றைய பகுதியை வாசிக்கவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

கப்பலூர் தொழிற்பேட்டையில் என் பழைய மாணவி ஒருத்தி சின்ன அச்சகம் நடத்துகிறாள். மருந்து அட்டைப்பெட்டி, பள்ளி டைரி, கல்யாணப் பத்திரிகை எல்லாம் அடிப்பாள். நோட்டை அவளிடம் கொடுத்தேன். அவளே உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றி, பெரிய எழுத்தில், ஐம்பது பிரதி அடித்துக் கொடுத்தாள். அட்டையில் அந்த ரொட்டிக்கடையின் பழைய புகைப்படம். படத்தில் ஓரமாக ஒரு பெண் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அவர்தான்.

டிசம்பரில் தம்பி குடும்பத்தோடு வந்தான். பாப்பாவுக்கு இப்போது பதின்மூன்று. சனிக்கிழமை வகுப்புக்குப் போய்த் தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகியிருந்தாள். கிறிஸ்துமஸ் அன்று மதியம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, அங்கே செய்கிற மாதிரி இங்கேயும் வாசிக்கலாம் என்று தம்பி சொன்னான். கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். அம்மா நாற்காலியில். தம்பி முதல் பகுதியை வாசித்தான். அவன் மனைவிக்குத் தமிழ் புரியாது. ஆனால் எந்த இடம் வருகிறது என்று தெரிந்து தலையாட்டிக்கொண்டே இருந்தாள். பாப்பா கையை உயர்த்தி, "நான் டச்சு அத்தை" என்றாள். அந்த இடத்தை வாசிப்பதற்காகவே ஊரில் பழகி வந்திருக்கிறாள் என்று தம்பி சொன்னான்.

எழுந்து தண்ணீர் கொண்டுவருகிற மாதிரிப் போய்விடலாமா என்று பார்த்தேன். அதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள். விரலை வைத்து, மெதுவாக, மூன்று வரியையும் வாசித்தாள். பக்கத்தைத் திருப்பினாள். திரும்பப் பழைய பக்கத்துக்கு வந்தாள்.

"அத்தை, மூலையில நின்னது எங்க?"

அம்மா என் பக்கம் முகத்தைத் திருப்பினார். அவருக்கும் அந்தக் கதை பாப்பா சொல்லித் தெரியும்.

"இங்க இல்லையேப்பா" என்று பாப்பா தம்பியிடம் நீட்டினாள்.

தம்பி வாங்கிப் புரட்டினான். "இம்புட்டுப் பெரிய விஷயத்த எப்பிடிக்கா விட்டாங்க? பிரஸ்ல விட்டுட்டாங்களா?"

"அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னபோது பத்தியை அடித்தபோது இருந்ததைவிட மோசமாக இருந்தது. என் தப்பை என்னிடம் படித்த ஒருத்தி தலையில் போட்டுவிட்டேன். தம்பி மனைவிக்கு அவன் ஆங்கிலத்தில் சொன்னான். அவள் முகம் வாடிப்போனது. பரவாயில்லை அக்கா, நடக்கும், என்றாள். பாப்பா மட்டும் புத்தகத்தைக் கீழே வைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பாயிலிருந்து எழுந்து, அந்தப் பத்தியைத் தனக்குத் தெரிந்த தமிழில் மனசிலிருந்தே சொன்னாள். "போ, மூலைல போய் நில்லு" என்று சொல்லும்போது என் குரலில் சொன்னாள். என் குரல் மாதிரித்தான் இருந்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து அச்சகம் திறந்தது. "நீ எதுக்குடா அலையுற, நானே போன்ல கேட்டுக்கிறேன்" என்று சொல்லிப் பார்த்தேன்.

"இல்லக்கா, நானும் வாரேன். சண்டைக்குப் போகல. ஒரு தாள் அடிச்சுச் சேத்துத் தரச் சொல்லுவோம்."

முந்தின நாள் என் மாணவிக்கு போன் செய்து, இப்படி ஆகிவிட்டது, கொஞ்சம் ஒத்துக்கொள் என்று சொல்லிவிடலாமா என்று நினைத்து எண்ணை எடுத்தேன். ஒரு தடவை மணி அடித்ததும் வைத்துவிட்டேன். தம்பி காரை ஓட்டினான், பக்கத்தில் அவன் மனைவி, பின்னால் நான். பைபாஸ் ரோட்டிலிருந்து கப்பலூர் போகிற வரை அவர்கள் இருவரும் டச்சில் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

அச்சகத்தில் ஒரு மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. என் மாணவி அதை நிறுத்தச் சொல்லிவிட்டு, "வாங்க டீச்சர்" என்று நாற்காலிகளைத் துடைத்துப் போட்டாள். தம்பி தன்மையாகத்தான் சொன்னான். புத்தகத்தில் ஒரு பத்தி விட்டுப்போயிருக்கிறது, முக்கியமான பத்தி, இவங்க குடும்பத்துக் கதை அது என்றான். அவள் அவனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"எங்க தப்புதான் சார்" என்றாள். "அவசரத்துல அடிச்சது. ஒரு பக்கம் விட்டுப்போச்சு. நான் காசு வாங்காம மாத்தித் தாரேன்."

தம்பி, காசெல்லாம் இல்லை, தப்பு யாருக்கும் வரும் என்று ஆரம்பித்தான். எனக்கு அதற்கு மேல் உட்கார முடியவில்லை.

"அவ ஒண்ணும் பண்ணல. நான்தான் எடுத்தேன்" என்றேன்.

"என்னக்கா சொல்ற?"

"நோட்ட எடும்மா."

அவள் தயங்கினாள். மறுபடி சொன்னேன். அலமாரியிலிருந்து நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். நானே அந்தப் பக்கத்தைத் திருப்பித் தம்பி முன்னால் வைத்தேன். முழுப் பக்கத்துக்கும் ஸ்கேல் வைத்து அடித்த சிவப்புக் கோடுகள். கீழே இருந்த எழுத்து ஒவ்வொன்றும் தெளிவாகப் படிக்கக் கிடைத்தது.

"டைப் பண்ணும்போதே படிச்சேன் டீச்சர்" என்றாள் என் மாணவி, மெதுவாக. "ரொம்ப நல்லா இருந்துச்சு. ஏன் அடிச்சீங்கன்னு கேக்கணும்னு நெனச்சேன். பயமா இருந்துச்சு."

தம்பி மனைவி என்ன நடக்கிறது என்று கேட்டாள். அவன் சொல்ல வாயெடுத்தான், நான் தடுத்து ஆங்கிலத்தில் நானே சொன்னேன். எழுதிவிட்டு அடித்தேன் என்று. மறந்துபோகவில்லை என்று. அவள் ஏன் என்று கேட்டாள். பொறாமை என்றேன். யார் மேல்? உன் தாத்தாவின் அக்கா மேல். அவள் நம்பாத மாதிரி என்னைப் பார்த்தாள். செத்துப்போனவர் மேலா? ஆமாம் என்றேன்.

"ஏன்க்கா இப்பிடி?" என்றான் தம்பி. அவன் குரலில் கோபத்தைவிட வெட்கம் அதிகமாக இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவன் மனைவி எழுந்து வெளியே போய்விட்டாள். ரோட்டோரத்தில் லாரிக்காரர்கள் நிற்கிற டீக்கடை ஒன்று இருக்கிறது. அங்கே பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து நான் போய் அதே பெஞ்சில் மறுகோடியில் உட்கார்ந்தேன்.

"எனக்குக் கோபமாக இருக்கிறது" என்றாள். "எப்போது போகும் என்று தெரியவில்லை."

"புரிகிறது" என்றேன்.

லாரிகள் போய்க்கொண்டிருந்தன. பிறகு அவளே பேசினாள். என்னைச் சமாதானப்படுத்துவதற்காகப் பேசவில்லை. அப்படியிருந்தால் குரல் வேறாக இருந்திருக்கும்.

"அவரை எங்கள் வீட்டில் யாருக்கும் பிடிக்காது, தெரியுமா? என் அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவருக்குப் பயந்து ஒளிந்துகொள்வாராம். எப்போதும் குற்றம் சொல்வார். கடைசிக் காலத்தில் பின்கட்டு அறையில் தனியாக இருந்தார். சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு வருவார்களாம். அந்தக் கனடாக் கடிதம் அவர் இறந்து இரண்டு வருடம் கழித்துத்தான் வந்தது. அவருக்குத்தான் எழுதியிருந்தாள், உயிரோடு இருக்கிறார் என்று நினைத்து. அந்த வகுப்பில் நடந்ததை அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை. கடிதத்தைப் படித்த பிறகுதான் எல்லோரும் அழுதார்கள்."

"இது புத்தகத்தில் இல்லையே" என்றேன்.

"மாமாக்கள் ஒத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகள் படிக்கிற புத்தகம் என்றார்கள்." பிறகு, "நானும் வற்புறுத்தவில்லை" என்றாள்.

யாரும் தன்னை நினைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டே அந்த அம்மா செத்துப்போயிருக்கிறார். இத்தனை வருடமாக நான் யார் மேல் எரிந்துகொண்டிருந்தேனோ, அவருக்கு அந்தக் கடிதம் கிடைக்கவேயில்லை. இதைக் கேட்டதும் பொறாமை போய்விட்டது என்று எழுதினால் பொய். அங்கே உட்கார்ந்திருந்தபோதும், தாமதமாகவாவது அவருக்கு ஒரு கடிதம் வந்ததே என்றுதான் உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் அவர் முகம் இப்போது எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது. அட்டைப் படத்தில் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவர், தன்னையும் படத்தில் சேர்த்துக்கொள்கிறார்களா என்று சந்தேகத்தோடு நிற்கிற மாதிரி.

திரும்பி உள்ளே போனோம். என் மாணவி நோட்டைப் பார்த்து அந்தப் பத்தியைக் கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டிருந்தாள். தம்பி பக்கத்தில் நின்று சரிபார்த்தான். நான் எழுதியதில் ஒரு வார்த்தையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. தனியாக ஒரு தாள் அடித்து, ஐம்பது பிரதியிலும் அந்த இடத்தில் ஒட்டிவிடலாம் என்றாள். பிரதிகள் எல்லாம் காரில் இருந்தன. நாலு பேரும் உட்கார்ந்து பசை தடவினோம். தம்பி மனைவி என் பக்கத்தில் உட்காரவில்லை. ஆனால் நான் ஒட்டியதை வாங்கி ஓரத்தை நகத்தால் நீவி அடுக்கினாள்.

கிளம்பும்போது என் மாணவியிடம், "எனக்காக நீ எதுக்கும்மா பழிய ஏத்துக்கிட்ட?" என்று கேட்டேன்.

"சும்மாதான் டீச்சர்" என்றாள். பிறகு சிரித்தாள். "நீங்க என்னையும் நெறைய நாள் மூலைல நிறுத்திருக்கீங்க. ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஞாபகம் இல்லை. இருக்கிறது என்று சொன்னேன்.

வீட்டில் அம்மா ஒன்றும் கேட்கவில்லை. ஒட்டிய தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து முழுவதும் வாசித்தார். "இது ஒன் பேச்சால்ல இருக்கு" என்று மட்டும் சொன்னார். பாப்பாதான் கேட்டாள், மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனபோது. ஏன் அடித்தேன் என்று. டச்சு அத்தையை உங்களுக்கெல்லாம் ரொம்பப் பிடிக்கிறது, என்னை அவ்வளவு பிடிக்குமா என்று எனக்குத் தெரியவில்லை, அதனால், என்றேன். அவள் துணிக் கிளிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"அவங்களை நான் பாத்ததே இல்லையே அத்தை" என்றாள். சமாதானமாகச் சொன்னாளா, குற்றமாகச் சொன்னாளா என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

ஜனவரியில் கிளம்பிப் போனார்கள். ஏர்போர்ட்டில் தம்பி வழக்கம்போல என் கையைப் பிடித்துக்கொண்டான். ஆனால் வழக்கமாகச் சொல்கிற "எல்லாம் நீ பாத்துக்கக்கா"வைச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் வருகிறது. பேச்சு முதலில் அம்மாவிடம், பிறகு என்னிடம். முன்பு அது மாறி இருக்கும்.

போன மாதம் தம்பி மனைவி ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள். மாமாக்களிடம் பேசி, பின்கட்டு அறையைப் பற்றியும் கடிதம் தாமதமாக வந்ததைப் பற்றியும் இரண்டு பக்கம் எழுதிச் சேர்த்திருக்கிறாள். அதையும் தமிழில் எழுதித் தர முடியுமா என்று கேட்டிருந்தாள். முடியும் என்று பதில் போட்டுவிட்டு இணைப்பைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு பத்திக்கும் முன்னால் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு அனுப்பியிருந்தாள். மொத்தம் பதினான்கு. எனக்குச் சுருக்கென்றது. அதற்கு அவளுக்கு நியாயம் இருக்கிறது. நானும் என் நோட்டில் ஓரத்தில் எண் போட்டுக்கொண்டு எழுத ஆரம்பித்தேன். பதினான்கையும் எழுதி முடித்து, எண்ணிப் பார்த்துத்தான் அனுப்பினேன்.